ரெண்டாவது பிள்ளை வந்த வருசம்: எங்க வீட்டுல வேலைய எப்படிப் பிரிச்சோம்

ரெண்டாவது பிள்ளைன்னா பழகுன வேலைதானேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. குளிப்பாட்டத் தெரியும், பால் குடுக்கத் தெரியும், அது வாஸ்தவம்தான், ஆனா மொத பிள்ளை பொறந்தப்ப வீட்டுல ஒரே ஒரு பிள்ளைதான், இப்ப ரெண்டு, அதுல ஒன்னு நடக்குது பேசுது கேள்வி கேக்குது சோறு ஊட்டுனாத்தான் திங்குது, நமக்கோ வயித்துல தையல். போன பங்குனில எங்களுக்குப் பையன் பொறந்தான், பெரியவளுக்கு அப்ப மூணே முக்கா வயசு, எல்கேஜி. நாங்க மதுரை திருநகர்ல மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கோம், வீட்டுக்காரருக்கு கப்பலூர் சிட்கோவுல ஷிப்ட் வேலை, நான் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் பாக்குறேன். இந்த வருசத்துல எங்களுக்கு எது கை குடுத்துச்சோ அத எழுதுறேன், ரெண்டாவது உண்டாகியிருக்கிற யாருக்காவது ஒதவும்.

மொத விசயம், பிள்ளைய தூக்க வர்றவங்க நிறைய பேரு வருவாங்க. வேலைய தூக்க வர்றவங்கதான் நமக்கு வேணும். பச்ச உடம்புக்காரி அடுப்படில நிக்க, வந்தவங்க எல்லாரும் பிள்ளைய மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தா அது ஒத்தாசை ஆகாது. பிள்ளை அம்மாகிட்டதான் இருக்கணும், மத்த எல்லாத்தையும் அடுத்தவங்க எடுத்துக்கணும்.

ஏழாம் மாசமே நானும் அவரும் உக்காந்து ஒரு நாளைக்கு வீட்டுல என்னென்ன வேலை நடக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதுனோம். எழுத ஆரம்பிச்சாதான் தெரியும் எம்புட்டு இருக்குன்னு. மோட்டார் போடுறது, குடிதண்ணி கேன் மாடிக்கு ஏத்துறது, பெரியவளுக்கு தலை பின்னி விடுறது, அவ டிபன் பாக்ஸ், வேன் வர்ற நேரத்துக்குக் கீழ இறங்கி நிக்கிறது, துணி துவைக்கிறது காயப்போடுறது மடிக்கிறது, இதுல மடிக்கிறத யாரும் வேலையாவே நினைக்க மாட்டாங்க, அப்புறம் மாவு, காய்கறி, சிலிண்டர் புக் பண்றது, கரண்ட் பில்லு. ஒவ்வொன்னுக்கும் எதிர்த்தாப்புல ஒரு பேரு எழுதுனோம், ஒரே ஒரு பேருதான். "எல்லாரும் பாத்துக்கலாம்"னு எதையும் விடல, ஏன்னா எல்லாரும்னு விட்டா கடைசில அது வீட்டுல பிள்ளை பெத்தவ தலையிலதான் விழும்.

எங்க அம்மா மேலூர்ல இருக்காங்க. மொத பிரசவத்துக்கு அங்கதான் போனேன். இந்த தடவை நான் வரலம்மா, நீங்க இங்க வாங்கன்னு சொன்னேன். அம்மாவுக்கு வருத்தம்தான், ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு. ஆனா பெரியவ ஸ்கூல், அவ படுக்குற எடம், அவ அப்பா எல்லாம் இங்க இருக்கு, தம்பி வந்ததும் அவளுக்கு எல்லாமே ஒரே நேரத்துல மாறிடக்கூடாதுன்னு எடுத்துச் சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. மொத கொஞ்ச வாரம் அம்மா, அவங்க கெளம்புனதும் உசிலம்பட்டி பக்கத்துல இருந்து அத்தை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேணாம்னு மொதல்லயே பேசி வச்சுக்கிட்டோம், ரெண்டு சம்மந்தியும் ஒரே அடுப்படில இருந்தா ரெண்டு பேருக்குமே சங்கடம், நடுவுல கெடந்து நாமதான் தவிக்கணும்.

ராத்திரி விசயத்துல வீட்டுக்காரரப் பத்தி சொல்லியாகணும். பால் குடுக்குறது ஒன்னுதான் அவரால முடியாது, மத்ததெல்லாம் முடியும்னு அவரே சொல்லிட்டாரு. நைட் ஷிப்ட் இல்லாத நாள்ல பால் குடிச்சு முடிச்சதும் பிள்ளை அவர் கைக்குப் போயிரும், தோள்ல போட்டு ஏப்பம் எடுத்து விடுறது, துணி மாத்துறது, திரும்பத் தூங்க வைக்கிறது எல்லாம் அவரு. நான் பால் குடுத்த கையோட படுத்துருவேன். சிசேரியன் ஆனவங்களுக்கு இந்தத் தூக்கம்தான் மருந்து, நான் இத அடிச்சு சொல்லுவேன். அவருக்கு நைட் ஷிப்ட் இருக்குற வாரத்துல அம்மா என் ரூம்ல படுத்துக்குவாங்க.

பாக்க வர்றவங்க விசயத்துலயும் முன்கூட்டியே பேசிட்டோம். அவர் பக்கத்து சொந்தத்துக்கு அவரு சொல்லணும், என் பக்கத்து சொந்தத்துக்கு என் தம்பி சொல்லணும், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சளி இருமல் இருந்தா ஒரு வாரம் கழிச்சு வாங்க, வந்ததும் சோப்பு போட்டு கை கழுவிக்கங்க, மூஞ்சில முத்தம் வேணாம், இவ்வளவுதான். ஒரு பெரியம்மா கோவிச்சுக்கிட்டாங்க, பேர் வைக்கிற அன்னைக்கு அவங்களே சிரிச்ச முகமா வந்து மோதிரம் போட்டுட்டுப் போனாங்க.

சேனை வைக்கிறது பத்தி. சர்க்கரைத் தண்ணியோ தேனோ பொறந்த பிள்ளை நாக்குல வைக்கிறது எங்க ரெண்டு பக்கத்துலயும் வழக்கம், யார் வைக்கிறாங்களோ அவங்க குணம் வரும்னு சொல்லுவாங்க. எங்க தாத்தா மாதிரி வரணும்னு அம்மாவுக்கு ஆசை. ஆனா ஒரு வயசு ஆகுற வரைக்கும் தேன் குடுக்கவே கூடாது, அதுல இருக்குற ஒரு கிருமி பச்சப்பிள்ளை கொடல்ல வளந்து நரம்பையே பாதிக்கும். டாக்டர்கிட்ட போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போயிட்டேன், அவரே சொல்லட்டும்னு. நம்ம சொன்னா எதிர்த்துப் பேசுற மாதிரி ஆகும், டாக்டரோ நர்சம்மாவோ சொன்னா கேட்டுக்குவாங்க, இத மனசுல வச்சுக்கங்க. கடைசில தாத்தா பிள்ளையோட காதுல மூணு தடவை பேரச் சொன்னாரு, அம்மாவுக்கும் சந்தோசம்.

பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுத்துடணும், சிசேரியனா இருந்தாலும் முடியும், முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சிருங்க. பால் பத்தலன்னு சுத்தி இருக்குற எல்லாரும் சொல்லுவாங்க, மொத சில நாள் சீம்பால்தான் வரும், அது கொஞ்சமாத்தான் இருக்கும், அந்த நேரத்துல பிள்ளை வயிறும் அவ்வளவுதான். பிள்ளை வெயிட் மொத வாரத்துல கொஞ்சம் கொறையும், ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த வெயிட்டுக்குத் திரும்ப வந்துடணும். பால் போதுமான்னு தெரிய ஒன்னுக்குப் போறத எண்ணுங்க, அஞ்சாம் நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது போனா போதுமான பால் கெடைக்குதுன்னு அர்த்தம்.

எங்களுக்கு சித்திரை வெயில் நேரம் வேற. அனல்ல ஃபேன் காத்து கூட சுட்டுச்சு. "இந்த வெக்கையில பச்சப்பிள்ளைக்குத் தொண்டை வறண்டு போகாதா, ஒரு சங்கு தண்ணி குடுத்தா என்னடி"ன்னு அம்மா தெனமும். ஆறு மாசம் வரைக்கும் தண்ணியே வேணாம், தாய்ப்பால்லயே தேவையான தண்ணி இருக்கு, வெக்கை நாள்ல இன்னும் ரெண்டு தடவை கூட பால் குடுத்தா போதும். தண்ணி தேவைப்படுறது பிள்ளை பெத்தவளுக்கு. பத்தியம்னு சொல்லி நமக்குத் தண்ணியக் கொறைச்சுருவாங்க பாருங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. பூண்டுக் குழம்பு, பால் சுறா புட்டு, கருவாடு எல்லாம் நான் ஆசையா சாப்பிட்டேன், நல்லாவும் இருந்துச்சு, ஆனா பக்கத்துல எப்பவும் சொம்பு நெறைய தண்ணி.

மூணாம் நாள் லேசா மஞ்ச தெரிஞ்சுச்சு. நெறைய பிள்ளைகளுக்கு ரெண்டு மூணு நாள்ல வந்து தானா போயிரும், ஆனா பொறந்த 24 மணி நேரத்துக்குள்ளயே மஞ்சளா இருந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்ச ஏறுனாலோ, பால் குடிக்காம சொணங்கிக் கெடந்தாலோ வெயில்ல காட்டிக்கிட்டு வீட்டுல இருக்கக்கூடாது. வெயில் வைத்தியம் ஆகாது, ஆஸ்பத்திரில நீல லைட்டு வைப்பாங்க. எங்க பையனுக்கு ரத்தத்துல பாத்துட்டு லைட் தேவையில்லன்னுட்டாங்க.

அத்தை குளிப்பாட்டுறதப் பாத்துக்கிட்டே இருக்கலாம். பாத்ரூம் வாசல்ல மணை போட்டு, சேலைய முழங்காலுக்கு மேல ஏத்திச் செருகி, ரெண்டு காலையும் நீட்டி உக்காந்து, பிள்ளைய மொதல்ல மல்லாக்கக் காலு மேல படுக்கப் போடுவாங்க. பக்கத்துல வெந்நி குண்டான், பச்சத்தண்ணி வாளி. ஒவ்வொரு தடவையும் செம்புல கலந்து, முழங்கைல ஊத்திப் பாத்துட்டுத்தான் பிள்ளை மேல ஊத்துவாங்க, அவசரமே இருக்காது. அப்புறம் குப்புறத் திருப்பி, இடது கையால நெத்தியத் தாங்கிக்கிட்டு முதுகுல ஊத்துறப்ப பையன் அழுகைய நிறுத்திட்டு அத்தை காலு விரலையே பாத்துக்கிட்டு இருப்பான். துண்ட விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது பெரியவ வேலை. இந்தக் குளிப்பாட்டு எனக்கு மொதல்ல வராது, அத்தைகிட்ட இருந்து கத்துக்கிட்டேன்.

ஆனா மூக்குல ஊதுறது, மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடுறது, தொண்டைல விரல் விட்டு கோழை எடுக்குறது, சாம்பிராணி புகை காட்டுறது, கண்ணுக்குள்ள மை, வசம்பு சுட்டு உரசிக் குடுக்குறது, இதெல்லாம் வேணாம்னு சொல்லியாச்சு. "ஒம் புருசன இப்படித்தான்டி வளத்தேன்"னாங்க அத்தை. "நல்லாத்தான் வளத்துருக்கீங்க அத்தை, ஆனா மூக்குல எண்ணெய் போயி நெஞ்சுக்குள்ள எறங்குனா நிமோனியா மாதிரி ஆகிருமாம், டாக்டர் சொல்லிருக்காரு, அத மட்டும் விட்டுருவோம்"னேன். தேங்காண்ணெய் தேய்ச்சு கை கால் நீவி விடுறதுக்கு நான் ஒன்னும் சொல்லல. மை கன்னத்துலயும் உள்ளங்கால்லயும் பொட்டா வைக்கட்டும், வசம்பு வேணும்னா வாய்க்கு எட்டாத எடத்துல கட்டட்டும். எல்லாத்தையும் மறுத்தோம்னா பெரியவங்க மனசு விட்டுப் போயிரும், ஆபத்தான நாலுல மட்டும் உறுதியா நின்னுட்டு மத்தத விட்டுக் குடுத்தா வீடு நிம்மதியா இருக்கும்.

சேலைத் தொட்டில் கட்டுறவங்க கொக்கியப் பாத்துக்கங்க, முடிச்ச தெனமும் இழுத்துப் பாருங்க, ஆள் இல்லாம தொட்டில்ல விட்டுட்டுப் போகாதீங்க. ராத்திரில பாய்ல, தலகாணி இல்லாம, மல்லாக்கத்தான்.

இப்ப பெரியவ கதை. இந்த வருசத்துல எனக்கு ரொம்ப கவலையா இருந்தது தம்பிய விட அவதான். மொத ரெண்டு வாரம் ஆசையா இருந்தா. அப்புறம் ஒரு நாள் காலைல ஸ்கூல் பேகக் காணோம், வேன் கீழ ஹாரன் அடிக்குது, எல்லாரும் தேடுறோம். கட்டிலுக்கு அடியில, செவுத்தோட ஒட்டி, மேல என் பழைய நைட்டியப் போட்டு மூடி வச்சிருந்தா. தம்பி மட்டும் அம்மா கூட வீட்டுல இருக்கான், நான் மட்டும் ஏன் போகணும்னு கேட்டா. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. அப்புறம் ராத்திரி படுக்கைய நனைக்க ஆரம்பிச்சா, அது நின்னு போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இதுக்கெல்லாம் வையவே கூடாது. அடம் இல்ல அது, பயம்.

அன்னைல இருந்து ஸ்கூல் விட்டு வந்ததும் அவளுக்கும் எனக்கும்னு ஒரு நேரம். தம்பி அத்தைகிட்ட, ரூம் கதவு சாத்தியிருக்கும், போன் வெளிய. கொஞ்ச நேரம்தான், ஆனா தெனமும். அவ சொல்ற வெளையாட்டுதான் வெளையாடுவோம், பெரும்பாலும் டீச்சர் வெளையாட்டு, நான் ஸ்டூடண்ட். தையல் போட்ட வயிறோட அவளைத் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, ஆறு வாரத்துக்குப் பிள்ளைய விட அதிக கனமா எதையும் தூக்க வேணாம்னு. தூக்க மாட்டேங்குறியேன்னு அவ ஏங்கிறக்கூடாதுன்னு கட்டில் பக்கத்துல ஒரு முக்காலி போட்டோம், அவளே ஏறி வந்து என் பக்கத்துல ஒண்டிக்குவா.

சொந்தக்காரங்க வெளையாட்டுக்குச் சொல்ற ஒரு பேச்சு இருக்கு, "இனிமே ஒனக்கு மவுசு போச்சுடி, தம்பிதான் எல்லாம்"னு. தயவு செஞ்சு யாரையும் இத சொல்ல விடாதீங்க. அவங்க சிரிச்சுட்டுப் போயிருவாங்க, பிள்ளை ராத்திரி பூரா அத யோசிச்சுக்கிட்டு கெடக்கும். என் வீட்டுக்காரர் சித்தப்பாவையே நிறுத்தி, "சித்தப்பா, அப்படிச் சொல்லாதீங்க, அவ எங்களுக்கு மொதப் பொண்ணு"ன்னு அவ காதுபடவே சொன்னாரு. அதக் கேட்டு அவ அப்பா காலக் கட்டிக்கிட்டா.

இன்னொன்னு அத்தை சொல்லிக் குடுத்தது, எனக்கு ரொம்பப் புடிச்சது. "தம்பி அழறான், நீ கொஞ்சம் இரு"ன்னு பெரியவகிட்ட தெனமும் சொல்றோம்ல, அதே மாதிரி "தம்பி, கொஞ்சம் இருடா, அக்காவுக்கு ஊட்டிட்டு வர்றேன்"னு சின்னவன்கிட்டயும் சத்தமா சொல்லணும். அவனுக்கு ஒன்னும் புரியாது, ஆனா அவளுக்குக் கேக்கும். சின்னச் சின்ன வேலை அவளுக்குக் குடுக்கலாம், சட்டை எது போடுறதுன்னு அவ முடிவு பண்ணட்டும், ஆனா தம்பிய பாத்துக்கன்னு ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு அடுப்படிக்குப் போகக்கூடாது. அவ பாசத்துல முறுக்க ஒடச்சு அவன் வாயில வைக்கப் போனா, அத்தை பக்கத்துல இருந்ததால தடுத்தாங்க.

தடுப்பூசிக்கு நாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போனோம், புதன்கிழமை. பொறந்ததும் காசநோய்க்கு பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சக்காமாலை ஊசி. அப்புறம் 6, 10, 14 வாரத்துல அஞ்சு நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், போலியோ, வயித்துப்போக்குக்கு ரோட்டா, நடுவுல நிமோனியாவுக்கு பிசிவி, 9 மாசம் முடிஞ்சதும் தட்டம்மை ருபெல்லாவுக்கு எம்ஆர். எங்க 6 வாரம் சித்திரைத் திருவிழாவோட வந்து நின்னுச்சு, கோரிப்பாளையம் சிம்மக்கல் பக்கம் போற மாதிரி இருந்தா கூட்டத்துல மாட்டிருப்போம், பக்கத்துலயே ஊசி போட்டதால தப்பிச்சோம். பென்டாவேலன்ட் போட்ட அன்னைக்கு காய்ச்சல் வரலாம், பாரசிட்டமால் குடுப்பாங்க. இங்க ரொம்ப கவனம் வேணும்: பாரசிட்டமால் டிராப்ஸ் வேற, சிரப் வேற. டிராப்ஸ்ல ஒரு மில்லியில 100 மில்லிகிராம் மருந்து இருக்கும், பெரிய பிள்ளைக்குக் குடுக்குற சாதா சிரப்புல 5 மில்லிக்கே 120, 125தான். ரெண்டு பிள்ளை இருக்குற வீட்டுல ரெண்டு பாட்டிலும் ஒரே அலமாரில இருக்கும், தூக்கக் கலக்கத்துல மாத்தி ஊத்திட்டா நாலு மடங்கு போயிரும். நாங்க ரெண்டையும் வேற வேற எடத்துல வச்சு, மேல பிள்ளை பேரும் டாக்டர் சொன்ன அளவும் எழுதி ஒட்டிட்டோம். ஊசி போடாத நாள்ல மூணு மாசத்துக்குக் கொறைவான பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் அடிச்சா வீட்டுல மருந்து குடுத்துப் பாக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட.

மனசு. மொத பிரசவத்துல சாயங்காலம் ஆனா எனக்கு அழுகையா வரும், காரணமே இருக்காது. பிரசவம் ஆன மொத சில நாள் இது பல பேருக்கு வந்து போறதுதான், ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல போனாலோ, பிள்ளை மேல ஒட்டுதலே வரலன்னாலோ, தூங்க நேரம் கெடைச்சும் தூக்கம் வரலன்னாலோ அது பேசியே ஆகணும். இந்த தடவை வீட்டுக்காரர் காலண்டர்ல ரெண்டு வாரத்தக் குறிச்சு வச்சிருந்தாரு, அம்மாகிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு. நல்லவேளை எனக்கு சீக்கிரமே சரியாயிருச்சு. 14416 டெலி மானஸ்ங்கிற மனநல ஆலோசனை நம்பர், 104 சுகாதார உதவி நம்பர், ரெண்டுலயும் பேசலாம், காசு கெடையாது. பேய் காத்து பட்டுருச்சுன்னு கயிறு கட்டுறதோட நிறுத்திடாதீங்க.

வேலைக்குத் திரும்புறது. பத்து பேரோ அதுக்கு மேலயோ இருக்குற கடை கம்பெனில, முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா, மொத ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம். நான் முன்னாடி கொஞ்சமாத்தான் எடுத்தேன், பின்னாடிக்கு வேணும்னு. பிள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் குடுக்க தெனமும் ரெண்டு இடைவேளை குடுக்கணும்னும் சட்டத்துல இருக்கு, பல பேருக்கு இது தெரியாது, கேட்டு வாங்குங்க. நான் அந்த நேரத்துல பால் எடுத்து ஐஸ் பேக்கோட பைல வச்சுக் கொண்டு வருவேன். ஃப்ரிட்ஜ்ல 4 நாள் வரைக்கும் வைக்கலாம், வெளிய 4 மணி நேரம்னு சொல்றது 25 டிகிரி ரூமுக்கு, நம்ம மதுரை வெயிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது, எடுத்ததும் குளிர்ல வச்சிருங்க. குடுக்குறப்ப அடுப்புல வைக்காம வெந்நிக் கிண்ணத்துல நிறுத்தி சூடாக்கணும், பிள்ளை குடிச்சு மிச்சம் வச்சத திரும்ப எடுத்து வைக்கக்கூடாது.

ஆறு மாசம் முடிஞ்சதும் கேப்பைய ஊற வச்சு அரைச்சு துணியில வடிகட்டிக் காச்சுன கூழ், அப்புறம் பருப்புச் சோறு, நசுக்குன வாழப்பழம், முட்டை, கொஞ்ச நாள்ல கோழி ஈரல். ஈரல் நல்லது, ஆறு மாசத்துக்கு மேல பிள்ளைக்கு இரும்புச் சத்து தாய்ப்பால்ல மட்டும் பத்தாது. ஒரு வயசு வரைக்கும் உப்பு சர்க்கரை சேக்கல, பசும்பாலும் குடிக்கக் குடுக்கல. ஒரு புதுச் சாப்பாடு குடுத்தா ரெண்டு மூணு நாள் அதையே குடுத்துப் பாத்துட்டு அடுத்தது. துப்புனா விட்டுருவோம், மறுநாள் திரும்ப.

பேப்பர் வேலைய அவரு பாத்துக்கிட்டாரு. கர்ப்பம் தெரிஞ்ச ஒடனே 12 வாரத்துக்குள்ள கிராம நர்ஸ்கிட்டயோ ஆன்லைன்லயோ கர்ப்பத்தப் பதிஞ்சு பிக்மிங்கிற பதிவு நம்பர் வாங்கிருங்க, அது இல்லாம பொறப்புச் சான்றிதழ் வாங்குறது இழுத்தடிக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துக்கும் அதுல பதிஞ்சிருக்கணும், தகுதி இருக்குறவங்களுக்கு பணமும் சத்துப் பெட்டகமுமா சேந்து 18,000 ரூபாய், மொத ரெண்டு பிரசவத்துக்கு. பொறந்த 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், பேர அப்பவே முடிவு பண்ணலன்னாலும் ஒரு வருசத்துக்குள்ள எழுதிட்டா கட்டணம் கெடையாது. இனிசியல், எழுத்து எல்லாத்தையும் பிரிண்ட் எடுக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரா பாருங்க.

போன வாரம் அழகர்கோயில்ல பதினெட்டாம்படியான் சன்னதில மொட்டை போட்டு, மாமன் மடியில வச்சு காது குத்துனோம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி விடியக்காலமே போயிட்டோம். மொட்டைக்குப் புது பிளேடு நாமளே வாங்கிட்டுப் போயி நம்ம கண்ணு முன்னாடி மாட்டச் சொல்லணும், காதுக்கும் புது கம்பி. டூவீலர்ல நாலு பேரா போறது இந்த ஊர்ல சாதாரணம், நாங்க போகல, பஸ்லதான் போனோம், மாட்டுத்தாவணில பாலூட்டுற ரூம் இருக்குறதால எனக்கு சிரமமே இல்ல. பைக்ல கூட்டிட்டுப் போயே ஆகணும்னா நாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட் கட்டணும், 9 மாசத்துல இருந்து சின்ன ஹெல்மெட், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாதுன்னு 2022ல விதியே வந்துருச்சு. பெல்ட் ஆன்லைன்ல கெடைக்குது, ஹெல்மெட் வாங்குறப்ப மட்டும் பிள்ளைய கடைக்கே கூட்டிட்டுப் போயி தலையில வச்சுப் பாத்து வாங்குங்க.